டான்ஸ் ஃப்ளோருக்கு ஒரு டார்க் டெக்னோ டிராக்: கிக்கில் தொடங்கி ஃபைல் வரை

கிளப்பில் ஆடுவதற்கான இருண்ட மின்னணு இசையான டார்க் டெக்னோவைச் செய்ய உட்காரும் புதியவர்கள் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதல் நாள் முழுக்க இருண்ட பேட் (நீண்டு நிற்கும் பின்னணி ஒலி), கிசுகிசுக் குரல், இயந்திர இரைச்சல் என்று சாம்பிள் (பதிவான ஒலித்துண்டு) தேடியே போய்விடும். எல்லாம் சேர்ந்த பிறகு கிக்கை, அதாவது ஒவ்வொரு அடியிலும் விழும் கனமான டிரம் ஒலியை, கொண்டுவந்தால் அதற்கு உட்கார இடமே இருக்காது. அப்புறம் ஈக்யூவால் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) எவ்வளவு வெட்டினாலும் அந்த டிராக் கிளப்பில் எடுபடாது.

அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். முதலில் கிக், பிறகு அதன் அடியில் உருளும் ரம்பிள், அதன்மேல் தாளம், ஒரே ஒரு மைய ஒலி. எதிரொலியும் அமைப்பும் மிக்ஸும் அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு படியும் முந்தைய படி விட்டுவைத்த இடத்தில்தான் உட்காரப்போகிறது. நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் பிறகு திரும்பி வரவேண்டியிருக்கும்.

## தொடங்கும் முன் வேண்டியவை

மென்பொருள் எதுவானாலும் சரி: ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டுடியோ, பிட்விக், ரீப்பர், லாஜிக். ஒலியை உருவாக்கும் ஒரு சின்த், அறையின் எதிரொலியைத் தரும் ரிவெர்ப், ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் டிலே, ஒலியைச் சொரசொரப்பாக்கும் டிஸ்டார்ஷன், ஈக்யூ, சைட்செயின் வசதியுள்ள (ஒரு ஒலி வரும்போது இன்னொன்றைத் தணிக்கும்) கம்ப்ரஸர், அலைவரிசையைக் காட்டும் அனலைசர் இருந்தால் போதும். இவற்றில் பெரும்பாலானவை மென்பொருளோடு கூடவே வரும். இல்லாததற்கு இலவச பிளகின் (மென்பொருளோடு சேர்க்கும் துணைக்கருவி) கிடைக்கும். காசு கொடுத்து பிளகின் வாங்குவதை முதல் டிராக் முடியும்வரை தள்ளிப்போடுங்கள்.

நல்ல ஹெட்போன் ஒன்று கட்டாயம் வேண்டும். 5 அங்குல ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடுமாறும். சின்ன அறையோ சில பேஸ் நோட்டுகளை ஊதிப் பெருக்கும், சிலவற்றை விழுங்கிவிடும். ஸ்பீக்கரில் சமநிலையைக் கேளுங்கள், அடிமட்ட பேஸை மட்டும் ஹெட்போனில் சரிபாருங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, கிளப்பில் வேலை செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்த இரண்டு டிராக்குகளை வேவ் ஃபைலாக வாங்கி புராஜெக்டுக்குள் போட்டு வையுங்கள். அவை மாஸ்டர் ஆனவை, அதாவது வெளியீட்டுக்காக இறுதி ஒலியளவு ஏற்றப்பட்டவை, அதனால் உங்களுடையதைவிடச் சத்தமாக இருக்கும். ஒலியளவைக் குறைத்து இரண்டும் காதுக்கு ஒரே அளவில் கேட்கும்படி வைத்த பிறகே ஒப்பிடுங்கள். சத்தம் கூடினாலே காதுக்கு நன்றாகத்தான் தோன்றும். அந்த ஏமாற்றத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

## 1. வேகத்தையும் ஆதார சுருதியையும் முடிவு செய்யுங்கள்

இந்த வகை இசை பெரும்பாலும் 128 முதல் 140 பிபிஎம்முக்குள் (நிமிடத்துக்கு அத்தனை அடி) இருக்கும். மெதுவாக வைத்தால் ரம்பிளுக்கு இடம் அதிகம்; வேகமாக வைத்தால் கிக்கின் வாலைக் குறைத்தே ஆகவேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க 132-ஐ எடுத்துக்கொள்கிறேன். எந்த எண்ணாக இருந்தாலும் முழு எண்ணாக வையுங்கள். டிஜே மென்பொருள் பீட்டை எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

ஆதார சுருதியைக் கிக்தான் தீர்மானிக்கிறது. எஃப் நோட் 43.7 ஹெர்ட்ஸ், ஜி 49, ஏ 55. இந்த எல்லைக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இதற்கும் கீழே போனால் பல சிஸ்டங்களில் ஒலி காணாமல் போகும். மேலே போகப் போக கனம் குறையும். எனக்கு ஜி பிடிக்கும், ஆனால் அது பழக்கதோஷம் என்பதைத் தாண்டி வேறு காரணம் இல்லை.

## 2. கிக்

கிக்கில் மூன்று பகுதிகள் உண்டு. முதலில் ஒரு சொடுக்கு, அது 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம். அடுத்து நெஞ்சில் அறையும் உடல், 100 முதல் 200 ஹெர்ட்ஸ். கடைசியாக வால், அதுதான் நீங்கள் தேர்ந்தெடுத்த சுருதியில் நிற்கும் பகுதி. எது சரியில்லை என்று சொல்ல வேண்டுமானால் இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்கப் பழக வேண்டும்.

சின்த்தில் செய்வதானால் ஒரு சைன் அலை போதும். பிட்ச் என்வலப்பை (சுருதி நேரத்தோடு மாறும் வளைவை) 300 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்கி 50 மில்லிசெகண்டுக்குள் 49-க்கு இறக்குங்கள். இறக்கம் வேகமாக இருந்தால் சொடுக்கு கூர்மையாகும். மெதுவாக இருந்தால் 'டியூவ்' என்று இழுக்கும். சாம்பிள் எடுப்பதானால் 909 (ரோலண்டின் டிரம் மெஷின்) வகைக் கிக் ஒன்றை எடுத்து சுருதி சேருங்கள். இரண்டு வழியும் சரிதான்.

இப்போது வாலின் நீளம். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. 132 பிபிஎம்மில் ஒரு கிக்குக்கும் அடுத்த கிக்குக்கும் இடையே 455 மில்லிசெகண்ட். கிக் தனியாக ஒலிக்கும்போது நீண்ட வால் கம்பீரமாக இருக்கும், அதனால் 400 வரை இழுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் ரம்பிளுக்கு மிச்சம் ஒன்றுமில்லை. 220 மில்லிசெகண்டில் வால் அடங்கட்டும். தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் குட்டையாகத்தான் தோன்றும், பரவாயில்லை.

அப்புறம் மிதமான டிஸ்டார்ஷன். சைன் அலைக்கு மேல்சுரங்கள் கிடையாது. டிஸ்டார்ஷன் அவற்றை உண்டாக்கும். சின்ன ஸ்பீக்கரிலும் கிக் எங்கே இருக்கிறது என்று தெரிவது அதனால்தான்.

செய்யக் கூடாதது: நான்கு கிக் சாம்பிள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. அவற்றின் அலைகள் ஒன்றையொன்று தின்னும், கூட்டக் கூட்டக் கிக் மெலியும். அடுக்கியே தீரவேண்டுமானால் இரண்டோடு நிறுத்துங்கள், இரண்டாவதில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை முழுக்க வெட்டிவிடுங்கள்.

அடுத்த படிக்குப் போகும் முன் கிக்கை மட்டும் ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கேளுங்கள். அதற்குள் எரிச்சல் வந்தால் கிக் இன்னும் தயாராகவில்லை.

## 3. ரம்பிள்

கிக்குகளுக்கு நடுவே தரையோடு உருண்டு வரும் அந்த முழக்கத்துக்குத்தான் ரம்பிள் என்று பெயர். தனியாக பேஸ் லைன் இல்லாத டிராக்குகளில் இதுவே பேஸ். கிக்கின் ரிவெர்பைப் பிழிந்து எடுப்பதுதான் வழக்கமான வழி. வரிசை மாறினால் முடிவும் மாறும், அதனால் இங்கே அவசரப்பட வேண்டாம்.

கிக்கை மென்பொருளில் இன்னொரு டிராக்கில் (தனி ஒலி வரிசையில்) நகல் எடுங்கள். முதலில் கீழ் அலைவரிசைகளை மட்டும் விடும் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் போட்டு சொடுக்கை நீக்குங்கள். சொடுக்கோடு ரிவெர்புக்குள் போனால் ஒவ்வொரு அடிக்கும் 'தட்' என்ற எதிரொலி பின்னாலேயே வரும்.

அடுத்தது டிலே. 16-வது நோட் அளவு, ஒரு அடியில் கால் பங்கு, அதாவது 114 மில்லிசெகண்ட். ஃபீட்பேக் (திரும்பச் சுற்றி வரும் ஒலியின் அளவு) 30 முதல் 40 சதவீதம். ஒரு அடியின் மிச்ச மூன்று 16-வதுகளிலும் கிக்கின் நிழல் விழுவது இதனால்தான். உருளும் உணர்வு இதிலிருந்து வருகிறது. டிலே இல்லாமல் ரிவெர்ப் மட்டும் போட்டால் வெறும் மூட்டமாகத்தான் இருக்கும்.

பிறகு ரிவெர்ப். முழுக்க ஈரமாக, அதாவது மூல ஒலி கொஞ்சமும் கலக்காமல். தேய்வு நேரம் 2 வினாடி அளவில். மோனோவில் இயங்கும் ரிவெர்ப் இருந்தால் அதையே எடுங்கள். ஸ்டீரியோ ரிவெர்பைப் பின்னால் மோனோவாகச் சுருக்கினால் இடமும் வலமும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

அதன் பின்னால் டிஸ்டார்ஷன். ரிவெர்ப் வால் ஏற்ற இறக்கத்தோடு இருக்கும். டிஸ்டார்ஷன் அதை அழுத்தி ஒரே தடிமனாக்கும். டிஸ்டார்ஷனை ரிவெர்புக்கு முன்னால் போடுபவர்களும் உண்டு, அதில் கிக்தான் சொரசொரப்பாகுமே தவிர வால் மெலிதாகவே இருக்கும்.

இப்போது இரண்டாவது லோ-பாஸ், 130 ஹெர்ட்ஸ் அளவில், 24 டெசிபல் சரிவு. முதலில்தான் வெட்டியாயிற்றே என்று இதை விட்டுவிடுவார்கள். டிஸ்டார்ஷன் புதிதாக மேல்சுரங்களைக் கிளப்பியிருக்கிறது, அவற்றை யார் வெட்டுவது? கூடவே 35 ஹெர்ட்ஸில், மேலே உள்ளதை மட்டும் விடும் ஒரு ஹை-பாஸ். அதற்குக் கீழே உள்ளது காதில் விழாமல் கம்ப்ரஸரையும் லிமிட்டரையும் (உச்சத்தைத் தாண்டவிடாத கருவி) மட்டும் வேலை வாங்கும்.

கடைசியாக சைட்செயின். கிக் அடிக்கும்போது ரம்பிள் முழுக்க ஒதுங்க வேண்டும், பாதி ஒதுங்கினால் போதாது. அட்டாக் (தணிய எடுக்கும் நேரம்) 1 மில்லிசெகண்டுக்கும் குறைவு, ரிலீஸ் (மீண்டு வரும் நேரம்) 150-க்கு அருகில். கிக் 220 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டது, ரம்பிளுக்கு மிச்சம் 235. ஆக அடியின் இரண்டாம் பாதிதான் ரம்பிளின் இடம். கம்ப்ரஸரில் இது துல்லியமாக வராவிட்டால் ஒலியளவை வளைவாக வரையும் பிளகினைப் பயன்படுத்துங்கள். உண்மையில் எனக்கு அதுவே வசதி.

எல்லாம் சரியான பிறகு 16 பார் (ஒரு பார் என்பது நான்கு அடி) ஆடியோவாகப் பதிவு செய்யுங்கள். பல ரிவெர்புகள் உள்ளுக்குள் லேசாக அசைந்துகொண்டே இருப்பதால் ஒவ்வொரு அடியும் கொஞ்சம் வேறுபடும். கேட்டுப் பார்த்து, பிசிறில்லாத ஒரு பாரை வெட்டி எடுத்து அதையே லூப் செய்யுங்கள். பேஸ் அடிக்கு அடி மாறினால் பெரிய சிஸ்டத்தில் ஃப்ளோரே தள்ளாடுவதுபோல் இருக்கும்.

அளவு எவ்வளவு? கிக்கைவிட 6 முதல் 10 டெசிபல் கீழே. ரம்பிள் ஓடும்போது அது இருப்பதே தெரியக் கூடாது, நிறுத்தினால் அடியில் எதுவோ பறிபோனதுபோல் இருக்க வேண்டும். கூடவே ரம்பிளின் போலாரிட்டியை (அலையின் மேல்-கீழ் திசையை) தலைகீழாக்கிக் கேளுங்கள். எந்த நிலையில் கிக் கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

## 4. தாளம்

ஓபன் ஹேட் (திறந்த ஹை-ஹேட் சிம்பல்) அடிக்கு நடுவே, அதாவது ஒவ்வொரு அடியின் மூன்றாவது 16-வதில். இதை மாற்றத் தேவையில்லை, உடம்பை மேலே இழுப்பது அதுதான். குளோஸ்டு ஹேட் 16-வதுகளில் ஓடட்டும், ஆனால் எல்லா அடியும் ஒரே பலத்தில் வேண்டாம். ஸ்விங் (ஒன்றுவிட்டு ஒரு 16-வதைச் சற்றுத் தாமதிப்பது) 52 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் விறைப்பு தளரும். அதைத் தாண்டினால் வேறு வகை இசையாகிவிடும்.

கிளாப் கட்டாயமில்லை. இரண்டிலும் நான்கிலும் பளிச்சென்று கிளாப் விழுந்தாலே இருட்டு கலைந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். அந்த இடத்தில் ரிம் ஷாட்டோ உலோகத் தட்டலோ அடக்கமாக இருக்கட்டும்.

ஒரே ஒரு பெர்கஷனை மட்டும் 16 படிகளுக்குப் பதிலாக 5 அல்லது 7 படிச் சுற்றில் ஓடவிடுங்கள். 5 படிச் சுற்று மீண்டும் பாரின் தொடக்கத்தில் வந்து விழ 5 பார் ஆகும், 7 படிக்கு 7 பார். அதுவரை ஒவ்வொரு பாரிலும் அது வேறு இடத்தில் விழும். எதையும் புதிதாகச் சேர்க்காமலே மாற்றம் கிடைத்துவிடுகிறது. 16 பாருக்கு ஒருமுறை அதை முதலிலிருந்து தொடங்கவைத்தால் பகுதி மாறுவது ஆடுபவர்களுக்கும் புரியும். இப்படி இரண்டு மூன்றை ஒன்றாக ஓடவிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஹேட்டுகளில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். 7 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வரை காதைக் குத்துகிறதா என்று பாருங்கள். வீட்டில் மினுமினுப்பாகத் தெரிவது கிளப் ஒலியளவில் ஊசியாக இறங்கும்.

## 5. ஒரே ஒரு மைய ஒலி

இங்கே ஒரு கட்டுப்பாடு: மையத்துக்கு ஒரு ஒலி மட்டும். இரண்டு இருந்தால் கேட்பவர் எதைப் பின்தொடர்வது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிடுவார்.

எஃப்எம் சின்த்தில் (ஒரு அலை இன்னொன்றை அசைத்து ஒலி உண்டாக்கும் சின்த்) மாடுலேட்டரின், அதாவது அசைக்கும் அலையின், விகிதத்தை 1.41 போன்ற முழுமையற்ற எண்ணில் வைத்தால் மணியும் தகரமும் கலந்த ஒலி வரும். மேல்சுரங்கள் ஆதார சுரத்தோடு இசைந்து போகாததுதான் காரணம். டிகேயை (ஒலி தேயும் நேரத்தை) குறுக்கினால் தட்டல், நீட்டினால் ஓலம்.

நோட்டுகள் இரண்டு போதும். ஆதார சுரமும் அதை ஒட்டி ஒரு அரைச்சுரம் மேலே உள்ளதும், அதாவது சுத்த ரிஷபம். அல்லது ஆறு அரைச்சுரம் தள்ளி பிரதி மத்தியமம். இரண்டுமே நிலைகொள்ளாத உணர்வைத் தரும். மூன்று சுரக் கார்டு, ஏறி இறங்கும் மெலடி எல்லாம் இங்கே வேண்டாம். நோட்டு மாறுவதைவிட ஒலியின் நிறம் மாறுவதில்தான் இந்த இசையின் உயிர் இருக்கிறது.

அந்த நிறமாற்றத்தை மவுஸால் கோடு வரைந்து செய்யாதீர்கள். லூப்பைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஃபில்டர், டிகே, எஃப்எம் அளவு ஆகிய மூன்றையும் கையால் திருகிக்கொண்டே ஆடியோவாகப் பதிவு செய்யுங்கள். அதில் பெரும்பகுதி குப்பையாக இருக்கும். ஆனால் எங்கோ 16 பார், யாரோ வாசித்ததுபோல் அமைந்திருக்கும். அதை வெட்டி எடுங்கள், டிராக் அதைச் சுற்றி வளரும்.

## 6. எதிரொலியும் இடமும்

ஒவ்வொரு டிராக்கிலும் தனித்தனி ரிவெர்ப் போடுவது புதியவர்களின் பொதுத் தவறு. பத்து வெவ்வேறு அறைகள் ஒன்றாக ஒலிக்கும், எதுவும் இடமாகத் தோன்றாது. இரண்டே இரண்டு சென்ட் (பல டிராக்குகள் பகிர்ந்துகொள்ளும் ரிவெர்ப்) வையுங்கள்: தாளக் கருவிகளுக்கு ஒரு சிறிய அறை, மைய ஒலிக்கு ஒரு நீண்ட கூடம்.

நீண்ட ரிவெர்பில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டுங்கள். கீழே வெட்டுவது ரம்பிளின் இடத்தைக் காக்க. மேலே வெட்டுவதால் கூடம் இருட்டாகிறது. பளபளப்பான ரிவெர்ப் எந்த ஒலியையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடும். இதையும் கிக்குக்கு லேசாக சைட்செயின் செய்தால் கூடமே மூச்சு விடும்.

## 7. லூப்பிலிருந்து முழு டிராக்

16 பார் லூப் அருமையாக இருக்கும், டிராக் மட்டும் பிறக்காது. பலர் இங்கேயே தேங்கி நிற்கிறார்கள். வழி எளிது: லூப்பில் உள்ள எல்லா ஒலி வரிசைகளையும் 208 பாருக்கு நீட்டுங்கள். 132 பிபிஎம்மில் அது ஏறக்குறைய 6 நிமிடம் 18 வினாடி. இனி சேர்ப்பதை நிறுத்திவிட்டு அழிக்கத் தொடங்குங்கள்.

முதல் 32 பாரும் கடைசி 32 பாரும் டிஜேக்கு உரியவை. அங்கே கிக், ஹேட், வேண்டுமானால் ஒரு பெர்கஷன். 32 பார் என்பது கிட்டத்தட்ட 58 வினாடி, இன்னொரு டிராக்கோடு கலக்க அது தேவை. மைய ஒலி முதல் பாரிலேயே வந்துவிட்டால் முந்தைய டிராக்கின் ஒலியோடு முட்டும், டிஜே அந்த ஃபைலை அடுத்த முறை தொடமாட்டார்.

நடுவே 8 அல்லது 16 பாருக்கு ஒருமுறை ஒரு மாற்றம். ஒன்று வரட்டும் அல்லது ஒன்று போகட்டும், இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டாம். ரைடு சிம்பலை முதல் பாதியில் தொடவே தொடாதீர்கள், உச்சத்துக்கு அதுதான் கைவசம் இருக்கும் ஆயுதம்.

பிரேக் (கிக் நின்றுபோகும் இடைவெளி) விஷயத்தில் பெரிய மேடை இசையின் பழக்கத்தை இங்கே கொண்டுவருகிறார்கள்: நீண்ட ரைசர் (ஏறிக்கொண்டே போகும் ஒலி), உருளும் ஸ்னேர், ஒரு நிமிடம் கிக்கே இல்லை. ஆடுபவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இங்கே 16 பார் பிரேக்கே தாராளம். சில இடங்களில் கிக்கை அப்படியே ஓடவிட்டு ரம்பிளை மட்டும் 4 பாருக்கு நீக்கிப் பாருங்கள். திரும்பி வரும்போது எந்த ரைசரும் தராத விசை கிடைக்கும்.

## 8. மிக்ஸ்

கிக்கின் உச்சத்தை மைனஸ் 8 டெசிபலில் நிறுத்தி, மற்ற எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து அதற்கு ஏற்ப உயர்த்துங்கள். மொத்த உச்சம் மைனஸ் 6-ஐத் தாண்டாமல் இருந்தால் மாஸ்டருக்கு இடம் இருக்கும். கிக் பத்தவில்லை என்று தோன்றினால் கிக்கைக் கூட்டாமல் மற்றதைக் குறையுங்கள்.

100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோ. பல கிளப்களில் சப்வூஃபர்களுக்கு மோனோவாகத்தான் ஒலி போகிறது, ஸ்டீரியோ பேஸ் அங்கே பாதி கரைந்துவிடும். மொத்த மிக்ஸையும் ஒருமுறை மோனோவில் கேட்டு, மைய ஒலி காணாமல் போகிறதா என்று பாருங்கள்.

குறைந்த ஒலியில் மட்டும் மிக்ஸ் செய்தால் பேஸைக் கூட்டிவிடுவீர்கள். சத்தம் குறையும்போது காதுக்குக் கீழ் அலைவரிசைகள் மற்றவற்றைவிட அதிகமாகக் குறைந்து கேட்கும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே வரைபடமாகக் காட்டிவிட்டார்கள். பெரும்பகுதியை மிதமான ஒலியில் செய்து, ஒரு நிமிடம் மட்டும் உரக்க வைத்துச் சரிபாருங்கள். நெடுநேரம் உரக்க வைக்க வேண்டாம்: 100 டெசிபலில் ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் பாதுகாப்பான அளவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

## 9. மாஸ்டர்

இணையத்தில் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சராசரி ஒலியளவின் அலகு) என்று எங்கும் சொல்வார்கள். அது ஸ்ட்ரீமிங் தளங்களின் அளவுகோல், கிளப்புக்குப் பொருந்தாது. மற்ற டிராக்குகளோடு அடுத்தடுத்து ஒலிக்க வேண்டியிருப்பதால் மைனஸ் 9 முதல் மைனஸ் 7 வரை வைப்பது வழக்கம். லிமிட்டர் 2, 3 டெசிபலுக்கு மேல் அழுத்தினால் முதலில் சாவது கிக்கின் சொடுக்குதான். அந்த நிலை வந்தால் மாஸ்டரை விட்டுவிட்டு மிக்ஸுக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் ரம்பிள்தான் அதிகமாக இருக்கும். ட்ரூ பீக் (அலையின் உண்மையான உச்சம்) மைனஸ் 1-ல் நிற்கட்டும்.

## 10. டிஜே மென்பொருளில் சோதனை

வேவ் ஃபைலாக, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 அல்லது 24 பிட்டில் எடுங்கள். தொடக்கத்தில் உள்ள மௌனத்தை வெட்டி முதல் கிக் ஃபைலின் தொடக்கத்திலேயே விழும்படி செய்யுங்கள்.

பிறகு ஒரு டிஜே மென்பொருளில் உங்கள் ஒப்பீட்டு டிராக்குகள் இரண்டுக்கும் நடுவே இதை வைத்துக் கலந்து பாருங்கள். கலக்கும்போது டிஜே ஒரு டிராக்கின் பேஸை முழுக்க இறக்கிவிடுவார். அந்த நேரத்தில் உங்கள் டிராக்கில் மிச்சம் இருப்பது ஹேட்டும் தட்டல்களும் மட்டும். அவை தனியாகவே ஓட வேண்டும். பேஸ் போனதும் டிராக் வெறிச்சென்று ஆகிவிட்டால் கோளாறு நான்காம் படியில். பேஸ் திரும்ப வரும்போது முந்தைய டிராக்கைவிடச் சுருங்கித் தெரிந்தால் மூன்றாம் படியில், ரம்பிளின் ரிலீஸைப் பாருங்கள். வேகத்தை 128-க்கும் 138-க்கும் நகர்த்தியும் கேளுங்கள், ஏனென்றால் யாரும் இதைச் சரியாக 132-ல் ஓட்டப் போவதில்லை. 138-ல் அடிகளுக்கு இடையே 435 மில்லிசெகண்ட்தான். கிக்கின் வாலும் ரம்பிளும் அதே விகிதத்தில் சுருங்கும். சுருதியைப் பூட்டாமல் ஓட்டினால் ஜி நோட் 51 ஹெர்ட்ஸைத் தாண்டும், அங்கேயும் கிக்கின் கனம் குறையாமல் இருந்தால் ஃபைலை அனுப்பலாம்.